செலவு மதிப்பீடு தயாரிக்கும் முன் கோலப்பொடியை மக்கள் கையில் கொடுங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சியர்களுக்கும், ஊராட்சி ஒன்றியங்களிலும் பேரூராட்சிகளிலும் பொதுப்பணித் துறையிலும் பொதுக் கட்டடங்களுக்கும் குடிநீர்த் திட்டங்களுக்கும் வரைபடம் தயாரிக்கும் பொறியாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா, வணக்கம்.

நான் பென்னாகரம் வட்டாரத்தில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கிராம சுகாதாரச் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். கர்ப்பிணிப் பதிவேடு, தடுப்பூசிப் பதிவேடு, பிறப்பு இறப்புக் கணக்கு, வீட்டுக்கு வீடு கணக்கெடுப்பு என்று என் பணிக்காலத்தின் பாதி படிவம் நிரப்புவதிலேயே கழிந்தது. எத்தனை குழந்தைகளுக்குத் தட்டம்மை ஊசி விடுபட்டிருக்கிறது என்பதைப் படிவம் இல்லாமல் ஒருவரும் அறிய முடியாது. ஆகவே படிவத்தின் அருமையை நான் அறிவேன். ஆயினும், ஒரு கட்டடத்தையோ குடிநீர்த் திட்டத்தையோ வரையத் தொடங்கும்போது, மக்களிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதே நமக்கு இன்னும் தெரியாத அந்த முதல் கட்டத்தில், ஆம், இல்லை என்று கட்டம் போட்ட தாளை நீட்டுவது தவறு என்பதையும் அதே முப்பது ஆண்டுகளில்தான் கற்றுக்கொண்டேன். அதைச் சொல்லவே இந்த மடலை எழுதுகிறேன்.

எங்கள் ஊர்க் கூட்டு ரோட்டில் பேருந்து நிழற்குடை கட்டுவதற்கு முன்பு ஒரு கணக்கெடுப்பு நடந்தது. நிழற்குடை தேவையா, இருக்கை வேண்டுமா, மின்விளக்கு வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? எல்லோரும் ஆம் என்றோம். நிழற்குடையும் வந்தது, ஓடு பதித்த தரையும் எவர்சில்வர் இருக்கையுமாக நேர்த்தியாகத்தான் கட்டியிருக்கிறார்கள். ஆனால் காலையில் பூவும் தக்காளியும் சுமந்து தருமபுரிக்குப் போகும் பெண்கள் இன்றும் எதிர்ப்புறத்துப் புளியமரத்தடியில்தான் நிற்கிறார்கள். சனங்களுக்கு எதைக் கட்டிக் கொடுத்தாலும் பயன்படுத்தத் தெரியாது என்று ஒருவர் என் காதுபடச் சொன்னார். அந்தச் சொல் என்னை உறுத்தியதால், நாலைந்து நாள் காலையில் அந்தப் புளியமரத்தடியிலேயே போய் உட்கார்ந்து பார்த்தேன்.

நிழற்குடையின் பக்கச் சுவர், பேருந்து வரும் வளைவை மறைக்கிறது. உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு வண்டி தெரியாது. வண்டி ஓட்டுபவருக்கு உட்கார்ந்திருப்பவர் தெரியமாட்டார். கட்டணமில்லாப் பேருந்து வந்தபிறகு, கை காட்டி நிற்காத பெண்களைப் பார்க்காததுபோலக் கடந்துவிடும் வண்டிகளும் உண்டு என்பதால், முன்னால் வந்து நிற்பது அவர்களுக்குக் கட்டாயம். அதைவிடப் பெரிய காரணம் மரத்தடியில் இருந்தது. அங்கே ஒரு பழைய சுமைதாங்கிக் கல் நிற்கிறது. தலையில் சும்மாடு வைத்துக் கூடை சுமந்து வருபவள் பிறர் உதவியில்லாமல் சுமையை இறக்கவும், வண்டி வந்ததும் பிறர் உதவியில்லாமல் ஏற்றிக்கொள்ளவும் ஏற்ற உயரம் அதற்கு. கருவுற்றிருக்கும்போதே இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நாட்டுவது நம் பக்கத்து வழக்கம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதை நட்டவர் யாரிடமும் படிவம் நிரப்பி வாங்கியிருக்கமாட்டார். சுமந்து வருபவளின் தோளையும் கழுத்தையும் பார்த்திருக்கிறார். புதிய நிழற்குடையில் கூடையைத் தரையில்தான் வைக்க வேண்டும். தரையிலிருந்து ஒரு பெரிய தக்காளிக் கூடையைத் தலைக்குத் தூக்க இன்னொருவர் வேண்டும். அந்த ஒரு கல்லைப் பற்றிக் கணக்கெடுப்புத் தாளில் கேள்வி இல்லை, இருந்திருக்கவும் முடியாது. தாளை எழுதியவருக்குத் தலைச்சுமையின் நினைவு இருந்தால்தானே கேள்வி வரும்? கேள்வித்தாள், தன்னை எழுதியவர் ஏற்கெனவே நினைத்து வைத்ததை மட்டுமே கேட்கிறது.

இதற்கு மாற்று என்ன என்பதை நான் புத்தகத்தில் படித்து அறியவில்லை. நம் மாவட்டத்து மண்ணில்தான் கண்டேன். 1989-ல் தமிழ்நாட்டின் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் முதன்முதலாக அன்றைய ஒன்றுபட்ட தருமபுரி மாவட்டத்தில்தான் தொடங்கப்பட்டன. ஏறத்தாழ அதே காலத்தில், குஜராத்தில் ஆகா கான் ஊரக ஆதரவுத் திட்டமும் தென்னிந்தியாவில் மைராடா என்ற தொண்டு நிறுவனமும், மக்களே தங்கள் ஊரை ஆராய்ந்து வரைந்து காட்டும், பங்கேற்பு முறை ஊரக மதிப்பீடு என்று பின்னர் பெயர்பெற்ற முறையை ஊர் ஊராகச் செய்து பார்த்துக்கொண்டிருந்தன. இங்கிலாந்தைச் சேர்ந்த ஊரக வளர்ச்சி ஆய்வாளர் ராபர்ட் சேம்பர்ஸ் அந்த ஆண்டுகளில் இந்தியாவில் தங்கி அதை வளர்த்தெடுத்து உலகெங்கும் எடுத்துச் சென்றார். அவர் திரும்பத் திரும்ப வலியுறுத்தியது, கையிலிருக்கும் குச்சியை மக்களிடம் கொடுத்துவிடுங்கள் என்பது. கரும்பலகையைச் சுட்டும் வாத்தியாரின் குச்சியாகவும், தரையில் கோடு கிழிக்கும் குச்சியாகவும் அதை எடுத்துக்கொள்ளலாம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்கும் அத்தகைய ஒரு பயிற்சி கிடைத்தது. ஒரு குக்கிராமத்துப் பெண்களிடம் கோலப்பொடி, செங்கல் தூள், அடுப்புக்கரி, புளியங்கொட்டை ஆகியவற்றைக் கொடுத்து, உங்கள் ஊரைத் தரையில் போட்டுக் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டு நாங்கள் ஒதுங்கி நின்றோம். கையெழுத்துப் போடத் தெரியாத பெண்கள் அவர்கள். ஆனால் நாள்தோறும் வாசலில் புள்ளி வைத்துக் கோடு இழுக்கும் கைகள். ஒரு மணி நேரத்தில் ஊர் தரையில் வந்துவிட்டது. எங்களிடம் இருந்த படிவத்தில் குடிநீர் ஆதாரம் என்ற தலைப்பின்கீழ் கிணறு, கைப்பம்பு, குழாய் என மூன்றே கட்டங்கள். அவர்கள் தரையில் காட்டியதோ வேறு. பருப்பு வேகும் தண்ணீருக்கு ஒரு நிறம், சோப்பு நுரைக்கும் தண்ணீருக்கு ஒரு நிறம், மாட்டுக்கு மட்டும் காட்டும் தண்ணீருக்கு ஒன்று, கோடையில் வற்றுவதற்கு ஒன்று. பிறகு ஒரு மூதாட்டி எழுந்துவந்து ஒரு கைப்பம்பைச் சுற்றி அடுப்புக்கரித் தூளைத் தூவி, இது பல்லைக் கெடுக்கிற தண்ணி, இதைக் குடிச்சு வளர்ந்த பிள்ளைக்குப் பொண்ணு கேட்டு வரமாட்டாங்க, என்றார்.

ஃபுளோரைடு என்ற சொல்லை அந்த அம்மா கேட்டதே இல்லை. நாங்கள் அந்தக் கைப்பம்பை அரசுப் பதிவேட்டில் பாதுகாக்கப்பட்ட குடிநீர் ஆதாரம் என்று எழுதி வைத்திருந்தோம். கிணற்றைவிடக் கைப்பம்பு தூய்மையானது என்பதுதான் எங்களுக்குச் சொல்லித் தரப்பட்டது. கிருமிகளைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. ஆழத்துப் பாறையிலிருந்து கரைந்து வரும் ஃபுளோரைடு கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாது. அது குழந்தைகளின் பல்லில் கறையாகவும், வயது ஏற ஏற முதுகிலும் மூட்டிலும் விறைப்பாகவும் வெளிப்படும். ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருப்பதே நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம் என்பது நம் நாட்டு அளவுகோல். அளவைச் சொல்ல ஆய்வகம் வேண்டும், மறுக்கவில்லை. எந்தக் கைப்பம்பின் தண்ணீரை முதலில் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதை அந்தக் கரித்தூள் சொல்லியது.

இந்தப் பேச்சு பழங்கதையாகிவிடவில்லை. இரு மாவட்டங்களின் ஃபுளோரைடு பாதிப்பைக் குறைப்பதற்காகவே ஜப்பானியக் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டு 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது. காவிரித் தண்ணீர் எங்கள் தெருக் குழாயில் வந்த நாளில் நான் அழுதேன். எத்தனை கறைபடிந்த பற்களை, எத்தனை வளைந்த முதுகுகளைப் பார்த்திருப்பேன். ஒகேனக்கல் தண்ணீர் குடிக்கிறீர்களா என்று இன்று கேட்டால் அநேகமாக எல்லா வீட்டிலும் ஆம் என்பார்கள், அது பொய்யும் இல்லை. ஆனால் குழாயில் தண்ணீர் வராத நாளில் அடுப்படியில் எந்தக் குடம் இருக்கிறது? களி கிண்டுவது எந்தத் தண்ணீரில்? கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போய்விடாது. சமைக்கும் தண்ணீரின் வழியாகவும் அது உடலுக்குள் போகும். குடிப்பதற்குக் காவிரி, குழம்புக்கு ஆழ்துளைக் கிணறு என்று பிரித்து வைத்திருக்கும் வீட்டில் திட்டம் பாதிதான் போய்ச் சேர்ந்திருக்கிறது. நான் அறிந்த ஒரு வீட்டில், பள்ளிக்கூடம் போகும் பெண்ணிடம், உங்கள் வீட்டில் தண்ணீர் இருக்கும் எல்லாப் பாத்திரங்களையும் ஒரு நாளைக்கு மூன்று வேளை கைப்பேசியில் படமெடுத்து, ஒவ்வொன்றும் எதற்கு என்று சொல் என்றேன். ஏழு பாத்திரங்கள், நான்கு வகைத் தண்ணீர். அந்த வீட்டின் தலைவர் அதற்கு முந்தைய வாரம்தான், எல்லாம் ஒகேனக்கல் தண்ணிதாம்மா, என்று என்னிடம் சொல்லியிருந்தார். அவரும் உண்மையைத்தான் சொன்னார். அவர் குடிக்கும் செம்பில் இருந்தது அதுதான்.

என் மகள் பெங்களூரில் வடிவமைப்புத் துறையில் வேலை பார்க்கிறாள். இதையெல்லாம் அவளிடம் சொன்னபோது, இதற்குப் பெயரே இருக்கிறதம்மா, இதைத்தான் நாங்கள் வகுப்பில் படித்தோம் என்றாள். அவள் வழியாக அறிந்தவற்றில் ஒன்று என் மனத்தில் தங்கிவிட்டது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் பில் கேவர், ஆண்டனி டன், எலெனா பசென்டி ஆகிய வடிவமைப்பாளர்கள் ஐரோப்பாவில் மூன்று இடங்களில் முதியவர்களின் வாழ்க்கையை அறிய முயன்றனர்: நார்வேயின் ஆஸ்லோவில் ஒரு பகுதி, ஆம்ஸ்டர்டாமின் பெய்ல்மர் குடியிருப்பு, இத்தாலியில் பெச்சோலி என்ற சிற்றூர். முதியவர்களை உட்கார வைத்துக் கேள்வி கேட்பதற்குப் பதிலாக ஆளுக்கொரு பொதி கொடுத்தார்கள். அதில் ஊர் வரைபடங்கள், விடை எழுதி அனுப்ப வேண்டிய அஞ்சலட்டைகள், ஒரு படத்தொகுப்பேடு, ஒரு நாட்குறிப்பு, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் கேமரா ஆகியவை இருந்தன. தனியாக இருக்க எங்கே போவீர்கள், போக ஆசைப்பட்டும் போக முடியாத இடம் எது என்று வரைபடத்தில் குறிக்கச் சொன்னார்கள். இன்று முதலில் பார்த்த மனிதரை, சலிப்பூட்டும் பொருளை, விரும்பும் பொருளைப் படமெடுக்கச் சொன்னார்கள். 1999-ல் அந்த அனுபவத்தை வெளியிட்டபோது அதற்கு கல்ச்சுரல் புரோப்ஸ், அதாவது பண்பாட்டைத் துழாவி அறியும் கருவிகள், என்று பெயர் வைத்தார்கள். திரும்பி வந்தவற்றை அவர்கள் சதவீதமாக மாற்றவில்லை. அந்த மனிதர்களை அறிந்துகொள்ளவும், தாங்களாக எண்ணியிராத ஒன்றை எண்ணத் தொடங்கவும் பயன்படுத்தினார்கள்.

இன்னும் உண்டு. சீனாவின் யுன்னான் மாகாணத்தில் கரோலின் வாங், மேரி ஆன் பர்ரிஸ் இருவரும் கிராமப் பெண்களின் கையில் கேமராவைக் கொடுத்து, அவர்கள் எடுத்த படங்களைப் பற்றி அவர்களையே பேச வைத்து, அந்தப் பேச்சை அதிகாரிகளின் முன் வைத்தனர். ஸ்வீடனில் எண்பதுகளின் முற்பகுதியில், செய்தித்தாள் அச்சுத் தொழிலாளர்களுக்கான கணினிக் கருவிகளை வடிவமைத்தபோது, கருவி உருவாகும் முன்பே வெற்று அட்டைப்பெட்டிகளை அச்சு இயந்திரமாகப் பாவித்து வேலை செய்து காட்டச் சொன்னார்கள். மனிதர் சொல்வதில் ஒன்று தெரியும், செய்வதில் இன்னொன்று தெரியும், கையால் ஆக்கிக் காட்டும்போதுதான் அடியாழத்தில் இருப்பது தெரியும் என்று எலிசபெத் சாண்டர்ஸ் என்ற வடிவமைப்பு ஆய்வாளர் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார். இவற்றை நான் பெயருக்காக அடுக்கவில்லை. கோலப்பொடி வேலை ஏதோ பொழுதுபோக்கு என்று என் காலத்து மேலதிகாரிகள் சிலர் ஒதுக்கினார்கள்; பெரிய நாடுகளின் பல்கலைக்கழகங்கள் அதே வழியைத்தான் முறையாகக் கற்றுத்தருகின்றன என்பதை நீங்கள் அறிய வேண்டும் என்பதற்காக எழுதினேன்.

ஆக்கிக் காட்டுவதைப் பற்றி என் அனுபவம் ஒன்று. பணி ஓய்வுக்கு முந்தைய ஆண்டுகளில் ஒரு குழுக் கூட்டம் முடிந்தபின், அண்மையில் பிள்ளை பெற்ற ஏழெட்டுப் பெண்களிடம் தீப்பெட்டி, துணித் துண்டு, வளையல், களிமண் எல்லாம் கொடுத்து, மனசுக்குப் பிடித்த மாதிரி ஒரு பிரசவ அறை செய்து காட்டுங்கள் என்றேன். அதற்கு முன் வாயால் கேட்டபோது சுத்தமாக இருக்க வேண்டும், டாக்டர் இருக்க வேண்டும் என்று மட்டுமே சொன்னார்கள். செய்து காட்டியபோது, பெரும்பாலோர் கட்டிலின் தலைமாட்டில் அம்மா உட்கார ஓர் இடம் வைத்தார்கள். பலர் அறைக் கதவை நடைவழிக்கு நேராக இல்லாமல் திருப்பி வைத்தார்கள். ஒருத்தி மட்டும் வளையலை அறைக்கு வெளியே ஓரமாக வைத்து, அது வெந்நீர் அடுப்பு என்றாள். வலி எடுத்த இரவில் வெந்நீருக்காக அவளுடைய மாமியார் டீக்கடையைத் தேடி இருட்டில் நடந்த கதை அப்போதுதான் வெளியே வந்தது. கதவு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பது கட்டடம் எழும்புவதற்கு முன்பு தாளில் ஒரு கோடு மாற்றும் வேலை. கட்டிய பிறகு அந்தக் கதவுக்குத் துணித் திரைதான் போட முடிகிறது, அதையும் காற்று விலக்கிவிடுகிறது.

நாமும் வீடு கட்டும்போது இதைத்தானே செய்கிறோம்? மனையில் முளைக்குச்சி அடித்து, கயிறு கட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டபின், வீட்டுப் பெண்கள் அந்தக் கோட்டுக்குள் நடந்து பார்க்கிறார்கள். இங்கே அடுப்படி, இங்கே அண்டா வைக்க இடம் போதாது, வாசற்படி இன்னும் ஒரு முழம் தள்ளட்டும் என்று சொல்லி, மேஸ்திரி கோட்டை அழித்துப் போட்ட பிறகே கடைக்கால் தோண்டுகிறோம். சொந்த வீட்டுக்கு இயல்பாகச் செய்யும் இதை, அங்கன்வாடிக்கும் சந்தைக் கொட்டகைக்கும் பொதுக் கழிப்பறைக்கும் ஏன் செய்வதில்லை? பூமி பூசைக்கு முன் ஒருநாள், வரைபடத்தின் முழு அளவுக்கும் தரையில் கோடு போட்டு, அங்கே சமைக்கப்போகும் ஆயாவையும் கடை விரிக்கப்போகும் வியாபாரியையும் உள்ளே நிற்க வைத்துப் பாருங்கள். போச்சம்பள்ளிச் சந்தை போன்ற ஒரு பெருஞ்சந்தையில், ஆட்டைக் கட்டும் இடத்துக்கும் கருவாடு விற்கும் இடத்துக்கும் காய்கறி இறக்கும் வண்டிக்கும் இடையே உள்ள நீக்குப்போக்குகளை அங்கே தலைமுறையாகக் கடை போடுபவர் அறிவது போல எந்த வரைபடமும் அறியாது.

புளியங்கொட்டைக்கு இன்னொரு பயனும் உண்டு. எது வேண்டும் என்று கேட்டால் மக்கள் எல்லாம் வேண்டும் என்பார்கள், அது நியாயமும்தான். நூறு கொட்டையை ஒரு குடும்பத்தின் கையில் கொடுத்து, பல்லாங்குழிப் பலகையின் குழி ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலையைச் சொல்லி, இருக்கிற பணம் இவ்வளவுதான், பிரித்துப் போடுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். எந்தக் குழியில் எத்தனை விழுந்தது என்பதைவிட, போட்டதை எடுத்து வேறு குழிக்கு மாற்றும்போது மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்வதைத்தான் கவனித்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

கிருஷ்ணகிரி மாவட்டத்து அதிகாரிகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். 2004-ல் பிரிந்த உங்கள் மாவட்டத்தில் ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி பக்கங்களில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் ஏராளம். மலைப்பகுதிகளில் இருளர்கள் வாழ்கிறார்கள். செந்தமிழில் அச்சடித்த படிவம் அவர்களிடம் பாதிதான் பேசும். அவர்களிடம் நாளுக்கொரு படமும் ஒரு நிமிடக் குரல்பதிவும் கேளுங்கள். எழுத்தும் வேண்டாம், ஒரே மொழியும் வேண்டாம். ஓசூர்த் தொழிற்சாலைகளில் ஷிப்ட் முறையில் வேலை பார்த்து விடுதிகளில் தங்கியிருக்கும் பெண்களுக்கு ஏழு நாள் நாட்குறிப்பு ஒன்று கொடுத்து, இன்று எப்போது தூங்கினேன், என்னை எழுப்பியது எது, எங்கே தனியாக இருந்தேன் என்ற மூன்றை மட்டும் எழுதச் சொல்லுங்கள். அறைக்கு எத்தனை கட்டில் என்பதோடு, இரவு ஷிப்ட் முடிந்து வருபவளும் பகல் ஷிப்டுக்குக் கிளம்புபவளும் ஒரே அறையில் இருக்கலாமா என்ற கேள்வியும் அப்போதுதான் எழும்.

இம்முறைகளில் தவறு நேராது என்று நான் சொல்லவில்லை, நானே தவறியிருக்கிறேன். நான் சொன்ன அந்தத் தரை வரைபடத்தில் வயல் ஓரமாக மூன்று கரித்துண்டுகள் இருந்தன. களத்துமேட்டு வீடுகள் என்று நினைத்து அப்படியே குறிப்பேட்டில் எழுதிவிட்டேன். இரண்டு நாள் கழித்து வேறு வேலையாகப் போனபோது ஒரு பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: விடியும் முன் பெண்கள் ஒதுங்கப் போகும் இடங்கள் அவை. அவற்றில் ஒன்றின் பக்கத்தில் மோட்டார் கொட்டகை வந்துவிட்டதால் இனி அங்கே போக முடியாது என்பதைத்தான் அந்த வரைபடத்தில் அவர்கள் எங்களுக்குச் சொல்ல முயன்றிருக்கிறார்கள். ஆண்கள் சுற்றி நின்றதால் வாயால் சொல்லவில்லை. அன்றிலிருந்து, வரைந்து முடித்தவுடன் எங்கள் பொருளை நாங்களே எழுதிக்கொள்வதை நிறுத்திவிட்டு, இது என்ன, இது ஏன் இங்கே என்று வரைந்தவரிடமே கேட்கவும், இரண்டாம் முறை பெண்களிடம் மட்டும் தனியாகப் போகவும் பழகிக்கொண்டேன்.

யார் வரைகிறார்கள் என்பதே இதில் எல்லாவற்றையும்விட முக்கியம். ஊர்ச் சாவடியில் பொடியைத் தூவினால் காலனியிலிருந்து யாரும் வரமாட்டார்கள். வந்தாலும் ஓரத்தில்தான் நிற்பார்கள். வயல்களுக்கு நடுவே தனித்தனியே இருக்கும் கொட்டாய்க்காரர்களுக்குச் செய்தியே போயிருக்காது. சித்தேரி, வத்தல்மலைப் பக்கத்து மக்களைக் கீழே வரச்சொல்லிக் கூட்டம் போடுவது, வர முடிந்தவரை மட்டும் கேட்பதாகிவிடும். ஆகவே ஒரே ஊருக்கு மூன்று நான்கு வரைபடங்கள் வேண்டும். அவை ஒன்றோடொன்று பொருந்தாது. பொருந்தாத இடங்களில்தான் மேல்நிலைத் தொட்டி எங்கே வரவேண்டும் என்பதுபோன்ற கடினமான முடிவுகள் இருக்கின்றன. ஒரே வரைபடமாக்கி அழகுபடுத்தும் ஆசைக்கு அதிகாரிகள் இடம் கொடுக்கக் கூடாது. அதேபோல, வீட்டுக்குள் எடுத்த படங்கள் அந்த வீட்டாருக்குச் சொந்தமானவை. அவர்களிடம் கேட்காமல் அவற்றை ஆய்வுக் கூட்டத் திரையில் போடுவதும், செய்தித்தாளுக்குக் கொடுப்பதும் கூடாது. நூலகத்துப் புத்தகத்தைப்போல வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

நேரம் இல்லை என்பீர்கள். நிதியாண்டு முடிவதற்குள் பணத்தைச் செலவிட வேண்டிய நெருக்கடி உங்களுக்கு இருப்பதை அறிவேன். மார்ச் மாதத்தில் எங்கள் துறையிலும் அதே ஓட்டம்தான். ஆனால் நான் சொல்வதற்கு ஓர் ஊருக்கு இரண்டு வாரம் போதும். அதில் அதிகாரி நேரில் இருக்க வேண்டியது மூன்று அரை நாள்கள். செலவு ஒரு மூட்டைக் கோலப்பொடியும் சில நோட்டுப் புத்தகங்களும்தான். புள்ளிவிவரம் கிடைக்காது, தணிக்கைக்கு என்ன காட்டுவது என்றும் கேட்பீர்கள். எண்ணிக்கை வேண்டிய இடத்தில் எண்ணுங்கள். நான் சொல்வது அதற்கு முந்தைய வேலை. புளியமரத்தடியில் கற்றதை வைத்து, தலைச்சுமையோடு ஏறுபவர் எத்தனை பேர் என்று அடுத்த நாளே எண்ணிவிடலாம். அந்தக் கேள்வி தோன்றாமல் எண்ண முடியாது என்பதுதான் என் வாதம்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவே. மக்கள் பயன்படுத்தப்போகும் எந்தக் கட்டடத்துக்கும் குடிநீர்ப் பணிக்கும் செலவு மதிப்பீடு தயாரிக்கும் முன், அந்த இரண்டு வாரத்தை நடைமுறையின் ஒரு படியாக ஆணையிட்டு வையுங்கள். மக்கள் போட்ட வரைபடங்களின் படங்களும், அவர்கள் சொன்ன பொருளும், அவற்றால் பொறியாளரின் வரைபடத்தில் எது மாறியது, எது மாறவில்லை, ஏன் மாறவில்லை என்ற ஒரு பக்கக் குறிப்பும் கோப்பில் இருக்கட்டும். அந்த வேலையை ஒப்பந்ததாரரிடமோ வெளி முகமையிடமோ விட்டுவிடாமல், வரையும் பொறியாளரே வரட்டும். வந்து, முதல் ஒரு மணி நேரம் எதையும் விளக்காமல் பார்க்கட்டும். எங்கள் ஊர்ப் பெண்கள் வரையும் முன் கேட்கும் முதல் கேள்வி, சார், எப்படிப் போடணும் என்பதாகத்தான் இருக்கும். அப்போது சொல்லிக் கொடுத்துவிடாமல் இருப்பது மிகவும் கடினம். பயிற்சி அதற்குத்தான் வேண்டும்.

ஆண்டுக்கு ஆறு நாள் நம் ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. அவற்றில் ஒன்று, உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22. அன்று வரவு செலவு படித்துத் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்குவதோடு, இரு மாவட்டங்களிலும் தண்ணீர் வரைபடம் ஒன்றையும் மக்கள் தரையில் போடட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் ஊராட்சியில் வெயில் ஏறும் முன்பே காலனித் தெருவிலும் கொட்டாய்களிலும் தனித்தனியே போட்டு முடித்து, பதினொரு மணிக் கூட்டத்துக்குப் பள்ளி வளாகத்தில் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் திரும்பப் போடலாம். பெண்களிடம் பேசிவிட்டேன், வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கோலப்பொடியும் புளியங்கொட்டையும் நான் கொண்டுவருகிறேன். ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஒரு பொறியாளர் காலை ஏழு மணிக்கு வந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர்,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்